கொளஞ்சி கட்டிய பிராது

மனு டைப் அடிப்பது என் தொழில். கடலூர் மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்துச் சந்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வைத்துக்கொண்டு பதினாலு வருஷமாக ஊராருடைய குறைகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிறேன். பட்டா, பென்ஷன், ரேஷன் கார்டு, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டியது, எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். தாசில்தாருக்கு அடித்திருக்கிறேன், கலெக்டருக்கு அடித்திருக்கிறேன். சாமிக்கு மனு அடித்தது ஒரே ஒரு தடவை. அதைக் கேட்டு வந்தவர் கொளஞ்சியக்கா. அதில் நடந்த தப்பில் எனக்கும் பங்கு உண்டு, அதனால் எதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கொளஞ்சியக்கா முதுநகரில் என் தெருக்காரர். ஐம்பத்திரண்டு வயது. செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை. காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். ஓடுவார் என்றுதான் சொல்ல வேண்டும், நடந்து நான் பார்த்ததில்லை. உலை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவார், குடம் நிரம்புவதற்குள் துணி அலசுவார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே நம் வீட்டு முருங்கைக்கீரையையும் ஆய்ந்து தந்துவிடுவார். அவர் வீட்டுக்காரர் தட்சிணாமூர்த்தி மாமா இதற்கு நேர் எதிர். பஸ் டிரைவராக முப்பது வருஷம். அதில் முக்கால்வாசி கடலூர் சிதம்பரம் தடம். போவார், வருவார். வேறு ஊர் பார்த்ததில்லை.

மாமாவுக்குச் சர்க்கரை. அது கண்ணில் கை வைத்தது. வேலையிலிருந்து முன்னாடியே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போன வருஷம் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரியில், இடது கண்ணுக்கு இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலது கண் ஊசி போட்டால் ஒரு வருஷம் தாங்கும், அதற்கு மேல் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்தார்.

அந்த வாரம் டிவியில் காஷ்மீரைக் காட்டினார்கள். மாமா திரைக்கு ஒட்டி உட்கார்ந்து, "இந்தப் பனிய நேர்ல பாத்தா எப்பிடி இருக்கும்?" என்றார். அவ்வளவுதான். அவர் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னார் என்பது என் கட்சி. அக்காவுக்கோ அது நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. கண் இருக்கும்போதே அவருக்குப் பனியைக் காட்டிவிட வேண்டும். இருப்பது ஒரு வருஷம். அதில் ஒரு நாள் கழிந்தாலும் அவருக்குப் பொறுக்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக்கு மகள் இளமதியோடு சிதம்பரத்துக்கு ஜவுளி எடுக்கப் போனபோது கடை வாசலில் ஒரு கூப்பனை நிரப்பிப் பெட்டியில் போட்டார். நாலாம் நாள் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, ஆனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் தருவோம் என்றார்கள். அக்கா கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ் ஹால். மேசைக்கு ஒரு ஜோடி, ஜோடிக்கு ஒரு டை கட்டிய பையன். காது கிழியப் பாட்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் யாரோ ஒருவர் எழுந்து, இன்னார் குடும்பம் டூர் கிளப்பில் மெம்பர் ஆகிவிட்டது என்று அறிவிப்பார், எல்லோரும் கை தட்ட வேண்டும். அக்கா மேசைக்கு வந்த பையன் பெயர் இளவரசு. படிவத்தில் பெயரைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"கொளஞ்சியா? அப்ப விருத்தாசலம் பக்கமா நீங்க?"

"மணவாளநல்லூருக்குப் பக்கத்து ஊரு. ஏன் தம்பி?"

"எங்களுக்கும் கொளஞ்சியப்பர்தான் குலசாமி அத்தை! இனிமே நா உங்கள மேடம்னு கூப்புட மாட்டேன்."

அத்தை என்ற ஒரு சொல்லில் அக்கா விழுந்துவிட்டார். மாமாவின் கண், சர்க்கரை, ஊசி, பனி, எல்லாவற்றையும் அவனிடம் கொட்டினார். அவன் கேட்டுக்கொண்டான். வருஷத்துக்கு ஏழு நாள், அஞ்சு வருஷத்துக்கு, எந்த மலைக்கு வேண்டுமானாலும் போகலாம், முதல் வருஷம் காஷ்மீர், பிளேன் டிக்கெட்டும் இதிலேயே அடக்கம் என்றான். மொத்தம் எழுபத்தெட்டாயிரம். மணி இரண்டாயிற்று. மாமா காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர், ஒரு மணிக்குச் சாப்பிட்டாக வேண்டும். அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சாப்பாடு பக்கத்து ரூமில் தயார், கையெழுத்து மட்டும் ஆகட்டும் என்றார்கள். படித்துப் புரிந்துகொண்டேன் என்று எழுதியிருந்த இடத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ரிட்டயர்மென்ட் பணம் இருந்த கணக்கிலிருந்து கார்டைத் தேய்த்தார்கள். பரிசு ஒரு ஹாட் பாக்ஸ்.

அக்டோபரில் ஜனவரிக்கு ரூம் கேட்டார் அக்கா. ஜனவரி கிடையாது என்றார்கள். டிசம்பரும் கிடையாது, பிப்ரவரியும் கிடையாது, பனி இருக்கிற எந்த மாசமும் கிடையாது. பிளேன் டிக்கெட்டா, அது எங்கே எழுதியிருக்கிறது? ஜூனில் ஏற்காட்டில் ஒரு ரூம் இருக்கிறது, பராமரிப்புக் கட்டணம் தனி. பணத்தைத் திருப்பிக் கொடு என்றதற்கு, காகிதத்தின் பின்பக்கம் பத்தொன்பதாவது விதியைப் படியுங்கள் என்று போனை வைத்துவிட்டார்கள். இளவரசு ஒரு வாரம், "பேசறேன் அத்தை" என்றான். அப்புறம் அவன் நம்பரும் போகவில்லை.

அன்றிலிருந்து அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சிதம்பரத்துக்கு மூன்று தரம் போய் வந்தார். லாட்ஜ்காரர், ஹாலை ஒரு நாள் வாடகைக்கு விட்டதோடு சரி என்றார். ஜவுளிக் கடைக்காரர் அந்தப் பெட்டி தன்னுடையது இல்லை என்றார். கேன்டீனில் சாம்பாருக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். மாமா மட்டும், "பூட்டா பூட்டுது, விடு கொளஞ்சி" என்றார். அதைக் கேட்டால் அக்காவுக்கு இன்னும் ஆத்திரம்.

நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், வக்கீல்கூட வேண்டாம், நானே அடித்துத் தருகிறேன் என்றேன்.

"அதுக்கு எத்தினி நாளாவும்?"

"சொல்ல முடியாதுக்கா. ஆறு மாசம், ஒரு வருஷம்."

"அதுக்குள்ள அவரு கண்ணு பூடும். வாணாம். நா கொளஞ்சியப்பர்கிட்ட பிராது கட்டப் போறேன். அங்க தொண்ணூறு நாள்தான்."

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமிக்கு எழுத்தில் புகார், அதாவது பிராது, கொடுக்கலாம். பெயர், ஊர், என்ன குறை, யார் செய்தார் என்று எழுதி, ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டரோ அதற்குத் தக்க காசு கட்டினால், குருக்கள் காகிதத்தைச் சாமி காலடியில் வைத்துத் தருவார். அதைச் சுருட்டி முனியப்பர் முன்னால் நிற்கும் வேலில் கட்ட வேண்டும். மூன்று மாசத்துக்குள் குறை தீரும் என்பது நம்பிக்கை. தீர்ந்ததும் போய், பிராதை வாபஸ் வாங்குகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ராஜினாமா என்று பெயர்.

கோயிலிலேயே எழுதித் தர ஆள் உண்டு. அக்காவோ, சாமிக்குப் போகிற மனு சுத்தமாக இருக்கட்டும் என்று என்னிடம் வந்தார். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் தொழில் தொழில்தானே. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று ஆரம்பித்து, பெறுநரில் கொளஞ்சியப்பர் என்று அடித்தேன். எதிர்மனுதாரர் யார் என்று கேட்டேன்.

"இளவரசுதான். வேற யாரத் தெரியும் எனக்கு? அவந்தான வாய்கூசாம அத்தைன்னு கூப்புட்டு ஏமாத்துனான்."

அப்படியே அடித்தேன். கம்பெனியின் பெயரும் சீலும் போட்ட ரசீது என் மேசை மேலேயே கிடந்தது.

கார்த்திகை மாசத்து மழையில் போய் அக்கா பிராதைக் கட்டிவிட்டு வந்தார். அதோடு சும்மா இருந்தாரா? வேலில் கட்டிய காகிதத்தைப் போட்டோ எடுத்து, இளமதியின் போனிலிருந்து இளவரசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். அந்த நம்பரை அவன் தடுத்து வைத்திருக்கவில்லை. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

மூன்றாவது வாரம் ஆளே வந்து நின்றான். கையில் மாவுக்கட்டு. அக்கா என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார், ஓடினேன். மழையில் பைக் சறுக்கி விழுந்தானாம். குழந்தைக்கு எட்டு நாளாகக் காய்ச்சலாம். கம்பெனி இரண்டு மாசச் சம்பளத்தை நிறுத்திவிட்டதாம். போட்டோவைப் பார்த்த அவன் அம்மா சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாளாம். மழைக்காலத்தில் பைக் சறுக்காமல் என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பையன் முகத்தில் இருந்த பயம் நிஜம்.

ஒரு பிளாஸ்டிக் கவரை அக்கா முன்னால் வைத்தான். "அம்பதாயிரம் இருக்கு அத்தை. மீதிய மாசாமாசம் குடுத்துடறேன். ராஜினாமா மட்டும் எழுதிடுங்க."

அக்கா கவரைப் பார்த்தார். உள்ளே போனார், வெளியே வந்தார், கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார். எனக்குத் தெரியும் அவர் மனசு எங்கே ஓடுகிறது என்று. இளமதி தினம் பிளேன் கட்டணம் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள், தினமும் ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பதாயிரம் இருந்தால் நாளைக்கே டிக்கெட் போடலாம். "வாங்கிக்குங்கக்கா" என்று நானே கிசுகிசுத்தேன். அதையும் ஒளிக்கவில்லை.

மாமா ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து அவனைப் பார்க்க முயன்றார். "தம்பி கையில என்னா, வெள்ளையா தெரியுது?"

"கட்டு போட்டிருக்கு மாமா."

அக்கா நின்றார். "காசு யாரு குடுத்தா? கம்பெனியா?"

"இல்ல அத்தை. காயத்ரி சங்கிலிய வச்சேன். என் பொண்டாட்டி."

"எங்க எழுவத்தெட்டாயிரத்துல ஒனக்கு எவ்ளோ வந்துது?"

"மூவாயிரம் தரேன்னாங்க. அதுவும் வரல."

"அப்ப நா யாரு மேல பிராது கட்டி வச்சிருக்கேன்?" என்று அக்கா என் பக்கம் திரும்பினார். எதிர்மனுதாரர் யார் என்று ரசீதைப் பார்த்துக் கேட்க வேண்டியவள் நான். பதினாலு வருஷ அனுபவம் வேறு!

"பிளேன் டிக்கெட்டு இருக்குதுன்னு ஏன்டா சொன்ன?"

பையன் போனை எடுத்து ஒரு ஆடியோவைப் போட்டுக் காட்டினான். அவர்கள் குரூப்பில் மேனேஜர் பேசியது. பிளேன் இருக்குன்னு வாயால சொல்லுங்க, எழுத்துல போயிடாதீங்க. சாப்பாட்டு நேரம் தாண்டுற வரைக்கும் வெயிட் பண்ண வைங்க. சுகர் பேஷன்ட்டா இருந்தா இன்னும் நல்லது, சீக்கிரம் சைன் பண்ணுவாங்க.

மாமா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஹாலில் நடுங்கிய கைகள்.

"இத கேட்டுட்டுத்தான் எங்கள குந்த வச்சிருந்தியா?"

"ஆமா அத்தை" என்று சொல்லி அவன் அழுதுவிட்டான்.

அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கே கை துறுதுறுத்தது. அக்கா கவரை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தார். "எடுத்துகினு போயி ஒம் பொண்டாட்டி சங்கிலிய மூட்டுக் குடு. ஒங்கிட்ட காசு வாங்கினா இது ஒன்னோட முடிஞ்சிடும். அவன் அடுத்த ஊர்ல ஹால் புடிப்பான், இன்னொரு சக்கரைக்காரன குந்த வைப்பான். எனக்கு ஒங் காசு வாணாம், ஒன் வாய் வேணும். இதே கதைய ஆணையத்துல எழுத்துல குடு. இந்த ஆடியோவையும் குடு."

"வேலை பூடும் அத்தை."

"சம்பளமே குடுக்காத வேலைதான? போனா போவட்டும்."

அவன் தலையாட்டினான். மறு திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேரையும் அக்கா மணவாளநல்லூருக்கு இழுத்துக்கொண்டு போனார். ராஜினாமா எழுதுகிற இடத்தில் இருந்தவர் வழக்கம்போலக் கேட்டார், "குறை தீந்துதாம்மா?"

"தீரலிங்க. ஆள மாத்தி எழுதிட்டேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப சரியான ஆள் பேர்ல புதுசா ஒண்ணு எழுதிடறியா?"

"அது கம்பெனிங்க. அதுக்குக் குலசாமி ஏது, பயம் ஏது? அத கோர்ட்டுல பாத்துக்கறேன்."

தரவேண்டிய காசைத் தந்து, இளவரசின் பேரில் கட்டிய பிராதை வாபஸ் வாங்கிவிட்டு, விழுப்புரம் போகிற பஸ்ஸா கடலூர் போகிற பஸ்ஸா என்றுகூடப் பார்க்காமல் முதலில் வந்ததில் ஏற ஓடினார். பிடித்து இறக்க வேண்டியிருந்தது.

இந்த முறை ரசீதைப் பார்த்துத்தான் அடித்தேன். கம்பெனி, அதன் இயக்குநர், மேனேஜர், மூன்று பேரும் எதிர்மனுதாரர்கள். இளவரசின் வாக்குமூலம், ஆடியோவை எழுத்தாக்கிய பக்கம், ஹாலில் கொடுத்த பிளேன் படம் போட்ட விளம்பரச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் இணைப்பு. முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம், பதினைந்து நாள் காத்தோம். அந்தப் பதினைந்து நாளும் அக்கா என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. காலையில் பஸ்ஸிலிருந்து ஒரு போன், மத்தியானம் பரிமாறிவிட்டு ஒரு போன். பதில் வரவில்லை. புகாரைத் தாக்கல் செய்தோம், நம்பர் விழுந்தது, ஆணையத்திலிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் போனது.

ஜனவரி வந்தது. பாண்டிச்சேரியில் இன்னொரு ஊசி போட்டார்கள். மாமா பேப்பரில் தலைப்பை மட்டும் படிக்கிறவராகிவிட்டார். அக்கா இளைத்துப்போனார். "கைக்கு வந்த காச திருப்பிக் குடுத்துட்டேனே பிரிசில்லா, நா பண்ணது சரிதானா?" என்று ஒரு நாள் கேட்டார். சரிதான் என்று சொன்னேன். உள்ளுக்குள் எனக்கும் பயமாக இருந்தது.

பிப்ரவரி முதல் வாரம் சென்னையிலிருந்து ஒருவர் பேசினார். குரல் தேன் மாதிரி இருந்தது. பாதி தருகிறோம் என்றார், அக்கா வைத்துவிட்டார். முக்கால் தருகிறோம், கூட மூணாறில் நாலு நாள் இலவசம் என்றார், அதற்கும் வைத்துவிட்டார். மூன்றாவது போனில், முழுசாகத் தருகிறோம், முதலில் வழக்கை வாபஸ் வாங்கிவிடுங்கள் என்றார்.

"எங்க ஊர்ல கொறை தீந்த பொறவுதான் ராஜினாமா" என்றார் அக்கா.

ஆணையத்தில் முதல் விசாரணைத் தேதிக்கு முந்தின நாள் எழுபத்தெட்டாயிரமும் கணக்கில் ஏறியது. அக்கா நம்பாமல் இரண்டு தரம் பாஸ்புக்கில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாபஸ் மனுவில் கையெழுத்துப் போட்டார். இளவரசு இப்போது சிதம்பரத்தில் ஒரு செல்போன் கடையில் இருக்கிறான். வேலை போனது போனதுதான்.

பணம் வந்த பத்தாம் நாள், பாண்டிச்சேரியிலிருந்து கிளம்புகிற ஒரு டூர் குழுவில் இரண்டு பேருக்கும் இடம் போட்டார் அக்கா. அந்த டூர்க்காரர் பாவம். எந்த பிளேன், எந்த ரூம், ஒரு மணிக்குச் சாப்பாடு உண்டா, எல்லாவற்றையும் எழுதி வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வைத்து, என்னிடம் ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டார். மார்ச் முதல் வாரம் காஷ்மீர். பனி இன்னும் கிடந்ததாம்.

திரும்பி வந்த மறுநாளே கடைக்கு வந்துவிட்டார், மூக்குத் தோல் உரிந்த முகத்தோடு.

"மாமா பனிய நல்லா பாத்தாராக்கா?"

"எங்க பாத்தாரு? இவ்ளோ பாடுபட்டுக் கூட்டிகினு போனா, மனுசன் பனியப் பாக்கவே இல்ல பிரிசில்லா. அங்க பாருங்க, இங்க பாருங்கன்னு நா கத்திகினு ஓடறேன், அவரு எம் மூஞ்சியவே பாத்துகினு நிக்கறாரு. பனி அந்தப் பக்கம் இருக்குதுங்கன்றேன். 'இருக்கட்டும். முப்பது வருசமா நீ ஒரு ஷிப்டு, நா ஒரு ஷிப்டு. கண்ணு இருக்கறப்பவே ஒன்ன செத்த பாத்துக்கறேன், ஓடாம நில்லு'ன்றாரு."

அக்கா என் மேசையில் சிதறிக் கிடந்த காகிதங்களை அடுக்கினார்.

"நின்னீங்களா?" என்று கேட்டேன்.

"நின்னேன்டி. குளுரு தாங்கல. இருந்தாலும் நின்னேன்."